பாதரசம்: அறியாமையா, அன்றாடங்காய்ச்சியின் கணக்கா?

மேசை மேல் 20 தீக்குச்சிகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் பெட்டிக்குள் போடச் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும்? சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். அடுத்து ஒரு பென்சிலைக் கொடுத்து பேப்பரில் வேகவேகமாகப் புள்ளி வைக்கச் சொல்கிறார்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட வேண்டும். விளையாட்டு மாதிரி இருக்கிறது இல்லையா? விளையாட்டு இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவோ தீவில், திவாத்தா மலையில், திவல்வால் என்று ஒரு ஊர். 1980-களில் தங்கம் கிடைத்ததும் காடாகக் கிடந்த இடத்தில் குடிசைகளும் சுரங்கக் குழிகளும் அரைவை ஆலைகளும் ஒன்றன் மேல் ஒன்றாக முளைத்த ஊர். 1999-ம் ஆண்டு அங்கே போன ஒரு மருத்துவக் குழு, மலையில் இருப்பவர்கள், ஆற்றின் கீழ்ப்பக்கம் இருப்பவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வெளியூர்க்காரர்கள் என்று மொத்தம் 323 பேரை இப்படிச் சோதித்தது. கூடவே ரத்தம், சிறுநீர், தலைமுடி எல்லாம் எடுத்துப் போனார்கள்.

முடிவு என்ன தெரியுமா? தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்துப் பிரித்தெடுக்கும் தொழிலாளர்களில் 71.6 சதவீதம் பேருக்குப் பாதரச நஞ்சேற்றம். அந்த வேலையே செய்யாமல், சும்மா அந்த மலையில் குடியிருந்த பாவத்துக்கு 27 சதவீதம் பேருக்கு. கீழே, ஆற்றோரத்தில் இருந்தவர்களில் 38 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட வெளியூர்க்காரர்களில் ஒருவருக்குக்கூட இல்லை!

இந்த மாதிரி செய்தி வந்தால் உடனே ஒரு பதில் ரெடியாக வந்துவிடும். "பாவம், படிக்காத ஜனங்கள். விழிப்புணர்வு இல்லை." அப்புறம் ஒரு முகாம், நாலு போஸ்டர், இலவச முகமூடி, ஒரு குரூப் போட்டோ. (சாதாரணத் துணி முகமூடி பாதரச ஆவியைத் தடுக்காது என்பது வேறு விஷயம்.) இதைவிட வசதியான பதில் உலகத்தில் கிடையாது. குற்றம் அப்படியே நஞ்சை மூச்சில் இழுத்தவன் தலையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்!

தெரியாதவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் சிறுவர்கள் வெறுங்கையால் பாதரசத்தைப் பிசைவதைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2011-ல் ஒரு அறிக்கையே வெளியிட்டது. ஆனால் கை நடுங்குகிறது, பல் ஈறு வீங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரன் தூக்கம் இல்லாமல் திரிகிறான் என்பதெல்லாம் கண்ணெதிரே தெரிகிற ஊரில் போஸ்டர் ஒட்டி என்ன புதிதாகச் சொல்லப்போகிறோம்? அந்த மலையில் பாதரசம் ஓடுவதற்குக் காரணம் அறியாமை அல்ல. சாயங்காலத்துக்குள் கையில் காசு வேண்டும், அவ்வளவுதான்.

தொழில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். பாறையை உடைத்து, அரைத்து, மாவாக்குகிறார்கள். அந்த மாவில் தங்கம் கண்ணுக்குத் தெரியாத துகளாக இருக்கும். பாதரசத்தைச் சேர்த்தால் அது தங்கத்தை மட்டும் கவ்விக்கொள்ளும், மண்ணை விட்டுவிடும். கிடைக்கிற வெள்ளை நிறக் கட்டியைத் துணியில் போட்டுப் பிழிந்தால் அதிகப்படிப் பாதரசம் வெளியே வரும். மிச்சம் இருப்பதில் ஏறக்குறையப் பாதி தங்கம், பாதி பாதரசம். அதை அடுப்பிலோ ஊதுவிளக்கிலோ காட்டினால், பாதரசம் 357 டிகிரியில் ஆவியாகிப் போய்விடும். தட்டில் பஞ்சு மாதிரி பொத்தல் பொத்தலாகத் தங்கம் நிற்கும். காலையில் உடைத்த பாறை அன்றைக்கே காசு. பெரிய மெஷின் வேண்டாம், கரண்ட் பில் வேண்டாம், பட்டம் படித்த கெமிஸ்ட் வேண்டாம்.

வணிகவியல் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே உண்டு. நடைமுறை மூலதனம். பொருள் காசாகத் திரும்பி வருகிற வரைக்கும் ஒரு தொழிலை ஓட்டுவதற்குக் கையில் இருக்க வேண்டிய பணம். பெரிய சுரங்கக் கம்பெனிக்கு அதை வங்கி கொடுக்கும். திவல்வால் குழிக்குள் இறங்குகிறவனுக்கு எந்த வங்கி கொடுக்கும்? அவனிடம் குழிக்குப் பட்டா இல்லை, லைசென்ஸ் இல்லை, அடமானம் வைக்க ஒன்றும் இல்லை. அரிசி, டீசல், வெடிமருந்து எல்லாம் முன்பணம் போடுகிற முதலாளி கொடுத்தது. அவருக்குப் பங்கு போக மிஞ்சுவதுதான் கூலி. ஆகவே வங்கி கொடுக்காத நடைமுறை மூலதனத்தை ஒரு குப்பிப் பாதரசம் கொடுக்கிறது. வட்டி மட்டும் அவன் நரம்பில் இருந்து போகிறது.

அந்த வட்டி எப்படி வசூலாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்க வேண்டும். தெர்மாமீட்டர் உடைந்து உருண்டோடும் பாதரசத்தைப் பள்ளிக்கூட லேபில் எல்லாரும் பார்த்திருப்போம். அதை ஒருவர் தெரியாமல் விழுங்கிவிட்டால்கூடக் குடலில் ஏறக்குறைய ஒட்டாமல் வெளியே போய்விடும். ஆபத்து ஆவியில்தான். மூச்சோடு உள்ளே போகும் பாதரச ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டை எரியாது, இருமல்கூட உடனே வராது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை ஒரு காவல் போட்டு வைத்திருக்கிறது அல்லவா? அந்தக் காவலை இந்த ஆவி சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டிய பிறகு மூளைக்குள்ளேயே வேறு வடிவத்துக்கு மாறி, வெளியே வர முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. இன்னொரு பங்கு சிறுநீரகத்தில் சேர்கிறது.

முதலில் விரல் நுனி நடுங்கும், கண் இமை துடிக்கும். வாயில் உலோகச் சுவை, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், ஈறில் ரத்தம். அப்புறம் தூக்கம் போகும், ஞாபகம் போகும். அதற்கும் அப்புறம் ஆளே மாறிவிடுவான். எதற்கெடுத்தாலும் கோபம், இல்லாவிட்டால் யாரையும் பார்க்கக் கூச்சம், ஒரு ஒதுக்கம். முன்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாதரச உப்பு போட்டுக் கம்பளித் தொப்பி செய்தவர்களுக்கு இதே வியாதிதான் வந்தது. அவர்களை ஊர் "பைத்தியம்" என்று சொல்லிச் சிரித்தது. வீட்டுக்குள் எரிந்து விழுகிற சுரங்கத் தொழிலாளியை அவன் மனைவி மக்கள் என்னவென்று நினைப்பார்கள்? குடிகாரன் என்று நினைக்கலாம், குணம் கெட்டவன் என்று நினைக்கலாம். சிறுநீரில் பாதரசம் இருக்கிறதா என்று பார்க்கும் லேப் அந்த மலையில் எங்கே இருக்கிறது?

இன்னொரு கொடுமை, இந்தக் கட்டியை எரிப்பது பல இடங்களில் வீட்டு அடுப்படியில். தங்கத்தை வெளியில் வைத்து எரித்தால் திருட்டுப் பயம். அதனால் சோறு வெந்த அதே அடுப்பு. குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்ணுக்கு அந்த ஆவி நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போகும்.

இது போக மண்ணிலும் ஆற்றிலும் விழுந்த பாதரசம் சும்மா கிடக்காது. சேற்றில் இருக்கும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன், அதைத் தின்னும் மனிதன் என்று ஒவ்வொரு படியிலும் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலைக் கழிவால் நடந்தது இதுதான். 1956-ல் அந்த நோய் அதிகாரப்பூர்வமாக வெளியே தெரிந்தது. தாய் நன்றாகத்தான் இருந்தார், பிறந்த குழந்தைக்கு மூளை பாதிப்பு. திவல்வாலில் சுரங்க வேலையே செய்யாத ஆற்றோரத்து 38 சதவீதத்தை இப்போது திரும்பப் பாருங்கள்.

இது ஏதோ ஒரு மலைக்கிராமத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சிறு அளவில் தங்கம் எடுப்பவர்கள் உலகத்தில் ஒரு கோடிக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் 33 லட்சம் முதல் 65 லட்சம் பேர் வரை நாள்பட்ட பாதரச ஆவி நஞ்சேற்றத்தோடு இருக்கிறார்கள் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மனிதச் செயலால் 2015-ல் காற்றில் கலந்த பாதரசத்தில் 38 சதவீதம் இந்தத் தொழிலில் இருந்து. நிலக்கரி எரிப்பதுகூட இரண்டாவது இடம்தான்.

சரி, கருவி இல்லையா? இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி, ஆவியைக் குழாய் வழியாகக் குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கலாம். ரிட்டார்ட் என்பார்கள், நம்மூர் வைத்தியர்கள் சொல்கிற வாலை மாதிரிதான். பாதரசம் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கும், செலவும் மிச்சம். எத்தனையோ நாடுகளில் இலவசமாகவே கொடுத்தார்கள். பல இடங்களில் அது மூலையில் கிடந்து துருப்பிடித்தது. காரணம் கேட்டால் "விழிப்புணர்வு" கோஷ்டி மறுபடி அதே பல்லவி பாடும். உண்மைக் காரணம் வேறு. திறந்த தீயில் சில நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு ரிட்டார்டில் நேரம் ஆகும், எரிபொருள் ஆகும். தங்கம் கண்ணில் படாமல் மூடிக்குள் இருக்கும். பங்குக்காரர்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போது அதை யார் நம்புவார்கள்? வெளியே வரும் தங்கம் சில சமயம் கறுத்துப் போய் வரும், வியாபாரி விலையைக் குறைப்பான். இத்தனையும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் தொழிலாளி வேண்டாம் என்கிறான். அவன் கணக்குத் தப்பு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளலாம். அவனுக்குக் கணக்கே தெரியாது என்று சொல்லாதீர்கள்.

அவன் கணக்கில் இருக்கும் உண்மையான ஓட்டை எங்கே தெரியுமா? அரைவை ஆலையில்! பாறையை அரைக்கும் உருளைக்குள்ளேயே பாதரசத்தைக் கொட்டி அரைப்பது ஒரு பழக்கம். பாதரசம் மாவு மாதிரி உடைந்து கழிவோடு போய்விடும். தங்கத்தில் பாதிகூடச் சரியாகப் பிடிபடாது. சலித்துச் செறிவாக்கிய மணலில் சேர்த்தால் ஒரு கிராம் தங்கத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் பாதரசம் போதும். இப்படி மொத்தமாகக் கொட்டினால் அதைப்போலப் பல மடங்கு. அப்படியும் ஏன் செய்கிறார்கள்? பல ஊர்களில் ஆலைக்காரர் அரைவைக் கூலி வாங்குவதே இல்லை, அல்லது பெயருக்கு வாங்குவார். "இலவசமாக அரைத்துக்கொள், கழிவு மண்ணை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போ." எவ்வளவு தாராள மனசு! அந்தக் கழிவை அவர் பிறகு சயனைடில் ஊறவைத்து மிச்சத் தங்கத்தை எடுத்துக்கொள்வார். நஞ்சு தொழிலாளிக்கு, தங்கத்தில் பெரிய பங்கு ஆலைக்கு. கழிவில் ஏற்கெனவே இருக்கும் பாதரசம் சயனைடோடு சேர்ந்து கரைந்து இன்னும் சுலபமாக ஆற்றுக்குப் போகும்.

மாற்று வழிக்கு வெளிநாட்டு நிபுணரைக்கூடத் தேட வேண்டாம். அதே பிலிப்பைன்ஸின் வடக்கே பெங்கெட் மாகாணத்தில் சிறு சுரங்கத்தார் பாதரசம் இல்லாமல் வெண்காரம் போட்டுத் தங்கம் உருக்குகிறார்கள், பல பத்தாண்டுகளாக. நம்மூர் ஆசாரி பட்டறையில் இருக்கிற அதே வெண்காரம்தான். நன்றாகக் கழுவிச் செறிவாக்கிய மணலில் அதைச் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகி, தங்கம் அடியில் தனியாக நிற்கும். டென்மார்க் புவியியலாளர் பீட்டர் அப்பெல் இதைப் பிற நாடுகளுக்கும் எடுத்துப் போனார். எல்லா வகைத் தாதுவுக்கும் இது பொருந்தாது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பொருந்துகிற இடத்திலும் ஏன் பரவவில்லை? மணலை நன்றாகச் செறிவாக்கக் கூடுதல் நேரம் வேண்டும், நல்ல சலிப்புப் பலகை வேண்டும், பழக்கிவிட ஆள் வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்துக்கு யார் சோறு போடுவது? மறுபடியும் நடைமுறை மூலதனம்!

சட்டம் என்ன செய்தது? பிலிப்பைன்ஸ் 1991-லேயே சிறு சுரங்கத்துக்குத் தனிச் சட்டம் போட்டது. அதற்கென்று ஒதுக்கிய "மக்கள் சுரங்கப் பகுதி"க்குள் தோண்டலாம், தங்கத்தை மத்திய வங்கிக்கு விற்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதிகளை அறிவிப்பது ஆமை வேகத்தில் நடந்ததால் பெரும்பாலானவர்கள் சட்டவிரோதிகளாகவே நின்றார்கள். 2011-ல் வங்கிக்கு விற்கிற தங்கத்தின் மேல் 2 சதவீத கலால் வரி, 5 சதவீத பிடித்தம் என்று வசூலிக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், சிறு சுரங்கத்தார் வங்கிக்கு விற்பது 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. தங்கம் மாயமாகவில்லை, கள்ளச்சந்தைக்குப் போனது. 2019-ல் சட்டம் போட்டு அந்த வரியை நீக்க வேண்டியதாயிற்று. நடுவில் 2012-ல் சிறு சுரங்கத்தில் பாதரசத்துக்கு முழுத் தடை. ஏழு சதவீதப் பிடித்தம் ஒரு நாட்டின் தங்க வியாபாரத்தையே திசை திருப்பியது, தடை உத்தரவோ பாதரசக் குப்பியை ஒளித்து வைக்க மட்டும் பயன்பட்டது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"போலீஸை விட்டு அடித்து விரட்ட வேண்டும்" என்கிறவர்களுக்கு தென் அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. பெரு நாட்டில் மாத்ரே தே தியோஸ் என்ற அமேசான் காட்டுப் பகுதியில் பாதரச பாதிப்பு முற்றி, 2016 மே மாதம் 60 நாள் அவசரநிலையே அறிவித்தார்கள். 2019 பிப்ரவரியில் லா பம்பா என்ற இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீசாரும் ராணுவமும் இறங்கினார்கள். லா பம்பாவில் காடழிப்பு சட்டென்று குறைந்தது உண்மை. தோண்டிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்துப் பகுதிகளுக்கு நகர்ந்ததும் உண்மை. பாதரசம் வருவதையே நிறுத்தலாம் என்று ஐரோப்பா 2011-லும் அமெரிக்கா 2013-லும் ஏற்றுமதியைத் தடை செய்தன. மெக்சிகோவிலும் இந்தோனேசியாவின் செராம் தீவிலும் லிங்கக் கல்லை வெட்டிப் பாதரசம் எடுப்பது சூடுபிடித்தது. மினமாட்டாவின் பெயராலேயே 2013-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம், 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கும் வந்தது. ஆனால் அதிலும் சிறு தங்கச் சுரங்கத்துக்குப் பாதரசம் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுதான். "குறையுங்கள், முடிந்தால் ஒழியுங்கள், செயல்திட்டம் எழுதுங்கள்" என்கிறது. உருளைக்குள் கொட்டி அரைப்பது, திறந்த வெளியில் எரிப்பது, குடியிருப்பில் எரிப்பது ஆகியவற்றை ஒழிக்கத் திட்டம் போடச் சொல்கிறது. கெடு தேதி கிடையாது.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை நினைத்துப் பாருங்கள். 2001-ல் மூடப்பட்டது. 15 வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு இந்துஸ்தான் யுனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது. தாமதம்தான், ஆனாலும் விரல் நீட்ட அங்கே ஒரு கம்பெனி இருந்தது, சம்பளப் பட்டியல் இருந்தது, கோர்ட் படி இருந்தது. திவல்வால்காரன் யார் மேல் கேஸ் போடுவான்? முன்பணம் கொடுத்தவர் முதலாளி இல்லை என்பார், ஆலைக்காரர் அரைத்துக் கொடுத்ததோடு சரி என்பார், வியாபாரி தங்கம் வாங்கினேன் பாதரசம் விற்கவில்லை என்பார். (பல ஊர்களில் இரண்டும் ஒரே கடைதான்!) அரசாங்கம் "நீயே சட்டவிரோதி" என்று சொல்லிவிடும்.

வாங்குகிற முனையில் இந்தியா இருக்கிறது. பொலிவியாவில் சுரங்கக் கூட்டுறவுகள் பாதரசத்தைக் கொட்டித் தங்கம் எடுக்கின்றன, பேனி ஆற்றங்கரைப் பழங்குடி மக்களின் தலைமுடியில் பாதரசம் ஏறிக் கிடக்கிறது. அந்தத் தங்கத்தைப் பெருமளவில் வாங்கிய நாடுகளில் முன்வரிசையில் நின்றது இந்தியா. சுத்திகரிப்பு ஆலையில் உருகிய பிறகு எந்த ஆற்றுத் தங்கம் என்று யாருக்குத் தெரியும்? 2021 முதல் நகைக்கு நகை ஆறு இலக்க அடையாள எண் போடுகிறார்கள். அதை வைத்து எந்தக் கடை, எந்த ஹால்மார்க் மையம், எத்தனை கேரட் என்று பார்த்துவிடலாம். எந்தச் சுரங்கம் என்று கேட்க அந்த எண்ணில் இடமே ஒதுக்கவில்லை. கேட்க வேண்டும் என்று சங்கமோ அரசோ அவசரப்படவும் இல்லை. வெள்ளைப் பேப்பரில் ஒரு போஸ்டர் அச்சடித்து மிந்தனாவோவுக்கு அனுப்புவது இதைவிடச் சுலபம் அல்லவா?

அடுப்படியில் எரித்துப் பாதரசம் எல்லாம் போய்விட்டது என்று தொழிலாளி கொண்டுவரும் பஞ்சுத் தங்கத்தில் இன்னும் ஐந்து சதவீதம் வரை பாதரசம் ஒட்டிக்கொண்டிருக்கும். டவுனில் இருக்கும் தங்கக் கடையில் அதை மறுபடி உருக்குவார்கள். கடைக்காரர் மூக்குக்கும் அந்தத் தெருவில் போகிறவர்கள் மூக்கும் அதில் பங்கு வாங்கும். உருக்கி ஆறிய பிறகு தராசில் நிற்கிற எடைக்குத்தான் காசு. சென்னையிலோ மதுரையிலோ நகை வாங்கும்போது பில்லில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரி இருக்கும். வாங்குகிறவர் அதற்காகக் கால் மணி நேரம் பேரம் பேசுவார். திவல்வாலில் சேதாரம் தொழிலாளியின் கணக்கில் முதலிலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது. மீதிக் காசை எண்ணி வாங்குகிற கை நடுங்குகிறதா என்று பார்க்க அந்தக் கடையில் தீப்பெட்டி வைத்திருக்க மாட்டார்கள்.